வீட்டில் பாஸ்தா: மாவு, முட்டை, ஒரு நீளமான கட்டை

நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் யாரைக் கேட்டாலும் பாஸ்தாவுக்கு இந்த ஒரே அளவைத்தான் சொல்வார்கள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. ஆளுக்கு நூறு கிராம் மாவும் ஒரு முட்டையும். நாலு பேர் என்றால் நானூறும் நாலும். குறிப்பு இவ்வளவு சின்னதாக இருப்பதால் பலரும் சட்டென்று இறங்கிவிடுகிறார்கள். பிறகு மாவு இறுகிக் கிடக்கிறது, தேய்க்கவே வரவில்லை என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குறிப்பில் இல்லாததுதான் இந்த வேலையில் முக்கால்வாசி.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள் நான். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் அம்மையார். எல்லோரும் அவரை ‘சிஞ்ஞோரா’ என்றுதான் கூப்பிடுவோம். எண்பது வயதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலைக் கடந்து போனாலே, பலகையில் கட்டை உருளும் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்கும். முதலில் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். அப்புறம் ஒருநாள் மாவைக் கையில் கொடுத்தார். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அவர் சமையலறையில் கற்றது, மிச்சம் என் வீட்டுப் பலகையில் கற்றது.

பொலோன்யா சாப்பாட்டு விஷயத்தில் எவ்வளவு கறாரான ஊர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரின் பெயர் சொல்லும் பாஸ்தா தல்யதெல்லே, நீள நீளமாக நாடா மாதிரி வெட்டுவது. 1972 ஏப்ரல் 16 அன்று இத்தாலிய சமையல் அகாதமியின் பொலோன்யா கிளை, தல்யதெல்லேயின் அகலம் இவ்வளவுதான் என்று நோட்டரி முன்னிலையில் பதிவு செய்து, தங்கத்தில் செய்த ஒரு துண்டை ஊர் வணிகர் சபையில் ஒப்படைத்தது. வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஊர் நடுவில் நிற்கும் 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தை 12,270 பங்காகப் போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு. தொர்த்தெல்லினி எனும் குட்டி மடிப்புப் பாஸ்தாவுக்குள் வைக்கும் பூரணத்தை 1974-லும், ரகூ எனும் இறைச்சிக் குழம்பை 1982-லும் இதேபோலப் பதிவு செய்தார்கள். ரகூவுக்கு 2023-ல் திருத்திய குறிப்பும் வந்தது.

அகலத்தைத் தங்கத்தில் வார்த்து வைத்துவிடலாம். மாவு எப்போது பிசைந்து முடிந்தது, எவ்வளவு மெல்லிசாகத் தேய்ப்பது, தேய்த்ததை எவ்வளவு நேரம் காயவிடுவது என்பதையெல்லாம் எந்தச் சபையிலும் பதிவு செய்ய முடியாது. அந்தப் பதம் கைக்குக் கைதான் வந்திருக்கிறது. யாருக்கும் வரும் என்பதும் என் அனுபவம்.

மாவிலிருந்து தொடங்கலாம். இங்கே கடைகளில் ‘00’ என்று போட்ட மென்கோதுமை மாவுதான் எடுப்பார்கள். இந்த எண் மாவு எவ்வளவு நைஸ் என்பதைக் காட்டுவதாகப் பல இடங்களில் எழுதியிருக்கும். இத்தாலியச் சட்டப்படி அது சாம்பல் அளவைக் குறிப்பது. மாவை எரித்தால் மிஞ்சும் தாதுப்பொருள் 0.55 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது தவிடு கிட்டத்தட்ட முழுக்க நீங்கியிருக்க வேண்டும். ‘0’ என்றால் 0.65 சதவீதம் வரை போகலாம். தவிடு இல்லாத மாவுதான் கிழியாமல் மெல்லிசாக விரியும் என்பதால் 00-ஐ எடுக்கிறார்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு மைதா போதும். முட்டை சேர்வதால் பாஸ்தா வேகும்போது கரையாமல் நிற்கும்.

முட்டையில் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கே பெட்டியின் மேல் ‘மஞ்சள் பாஸ்தாவுக்கு’ என்றே அச்சிட்டுத் தனியாக முட்டை விற்கிறார்கள். மக்காச்சோளம் மாதிரி நிறமி நிறைந்த தீவனம் தின்ற கோழியின் முட்டை அது. கரு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், மாவும் அந்த நிறத்துக்கு வந்துவிடும். ருசியில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, பார்க்க அழகு. முட்டையின் மேல் குத்தியிருக்கும் எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்துத்தான் சிஞ்ஞோரா வாங்குவார். 0 என்றால் இயற்கை முறை வளர்ப்பு, 1 என்றால் வெளியில் மேய்ந்த கோழி, 2 கொட்டகை, 3 கூண்டு. ஐரோப்பா முழுக்க இதே முறைதான்.

உண்மையான சிக்கல் முட்டையின் அளவில் இருக்கிறது. நடுத்தர முட்டை ஓட்டோடு 53 முதல் 63 கிராம் வரை இருக்கலாம், பெரியது 73 வரை போகும். நாலு முட்டை உடைக்கும்போது இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போய் மாவை ஒன்று சேறாக்கும், இல்லை வறட்டும். அதனால் புதிதாகச் செய்பவர்கள் ஓடு நீக்கிய முட்டையை எடை போட்டுக்கொள்வது நல்லது. நூறு கிராம் மாவுக்கு 55 கிராம் சுமாராகச் சரியாக வரும். சிஞ்ஞோரா வீட்டில் தராசு கிடையாது. எல்லா மாவையும் பலகையில் கொட்டாமல் ஒரு கைப்பிடியை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார். முட்டை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு மாவைப் பிறகு சேர்த்துக்கொள்வார். அதுவும் நல்ல வழிதான்.

பலகை மரப்பலகையாக இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும். மேசை விளிம்பில் மாட்டி நிற்கிற மாதிரி அடியில் ஒரு சட்டம் அடித்திருப்பார்கள், தேய்க்கும்போது நகராது. பலகையில் மாவைக் குவித்து நடுவில் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றி, முள்கரண்டியால் கலக்கியபடியே உள்சுவரிலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ள வேண்டும். குழம்பாகக் கெட்டிப்பட்டதும் கையை வைக்கலாம். பாத்திரத்தில் போட்டும் இதைச் செய்யலாம். ஆனால் மாவு பலகையில் தேயத் தேயத்தான் அதன் பதம் கைக்குத் தெரிகிறது.

சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும். சப்பாத்தி மாவு அழுத்தினால் விரல் உள்ளே போகும், இது போகாது. இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, கொஞ்சம் தண்ணீர் விடலாமா என்று கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும். விடக்கூடாது. நானும் கேட்டிருக்கிறேன்.

“வறண்டிருக்கே சிஞ்ஞோரா, தண்ணி விடலாமா?”

“கையை நனைச்சுக்கோ, அது போதும். அழுத்தி மடி. இன்னும் அஞ்சு நிமிஷத்துல அதுவே வழிக்கு வரும்.”

வழிக்கு வருகிறது. மாவில் உள்ள கிளயடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்களும் ஈரம் பட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள நேரம் வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளு, மடி, கால்வட்டம் திருப்பு, மறுபடி தள்ளு. பத்து நிமிடம் வரைக்கும் சொரசொரப்பாக இருந்த உருண்டை, அதற்கு மேல் மெல்ல மெல்ல வழவழப்பாகிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் காற்றுக்குழிகள் தெரியும், அப்போது நிறுத்தலாம். உருண்டையை விரலால் குத்தினால் பள்ளம் மெதுவாக எழும்பி வர வேண்டும்.

அப்புறம் அரை மணி நேரம் ஓய்வு. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவிட்டால் போதும். இந்த அரை மணி நேரத்தை யாரும் குறைக்காதீர்கள். பிசைந்து முடித்த சூட்டில் மாவைத் தேய்த்தால் தேய்க்கத் தேய்க்கப் பழைய இடத்துக்கே சுருங்கிப் போகும். ஓய்வில் அந்த இறுக்கம் தளர்ந்து, அதே மாவு கட்டைக்கு இணங்கி விரியும். கடை மாவில் ஏதோ குறை என்று நினைத்து மாவை மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது இந்த ஓய்வுதான்.

இனி தேய்ப்பது. இதைப் பற்றி எழுதத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

மத்தரெல்லோ என்ற கட்டை நம் பூரிக்கட்டை மாதிரி குட்டையாக இருக்காது. எண்பது சென்டிமீட்டர், ஒரு மீட்டர் நீளத்துக்கு, முழுக்க ஒரே தடிமனில் இருக்கும். ஒரு முனையில் மட்டும் சின்னக் குமிழ் இருக்கும், சுவரில் மாட்டிவைக்க. தேய்த்த மாவு முழுக்க அந்தக் கட்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளம். நாலு முட்டை மாவு என்றால் கடைசியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். அந்த விரிப்புக்கு இங்கே ஸ்ஃபோல்யா என்று பெயர்.

முதல் கட்டத்தில் வட்டம் மட்டுமே குறி. நடுவிலிருந்து மேல் நோக்கித் தள்ளி, ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஓரத்தை மிதித்துவிட்டால் ஓரம் மெலிந்து நடு தடிக்கும். தட்டு அளவுக்கு வந்ததும் அடுத்த கட்டம். விரிப்பின் மேல் ஓரத்தைக் கட்டையில் சுற்றி, பாதி வரை உருட்டிக்கொண்டு வந்து, இரண்டு உள்ளங்கையையும் நடுவில் வைத்து, கட்டையை முன்னும் பின்னும் உருட்டியபடியே கைகளைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு போவது. மாவு கட்டையைச் சுற்றியே அகலமாகிறது. பிறகு பிரித்து, திருப்பிப் போட்டு, அடுத்த பக்கம். சிஞ்ஞோராவின் கையில் இது ஒரே ஓட்டமாக நடக்கும். உள்ளங்கை மாவைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியாது. எனக்கு அருகில் நின்று அவர் அதிகம் சொன்னது “அழுத்தாதே, தள்ளு” என்பதுதான். அழுத்தினால் மாவு பலகையோடு ஒட்டும், தள்ளினால் விரியும்.

விரிப்பு பெரிதான பிறகு அதன் ஒரு பகுதியைப் பலகையின் விளிம்புக்குக் கீழே தொங்கவிடுவார். இடுப்பால் அதை மேசையோடு லேசாக அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை மேலே தள்ளுவார். தொங்கும் எடையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சின்னச் சமையலறைகளில் இந்த முறை மிகவும் உதவும்.

எவ்வளவு மெல்லிசு? இந்த ஊரில் விரிப்பைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே சான் லூக்கா தெரிய வேண்டும் என்பார்கள். ஊருக்கு வெளியே குன்றின் மேல் நிற்கும் மாதாவின் கோயில் அது. ஊரின் பழைய வாயில்களில் ஒன்றான போர்த்தா சரகோத்சாவிலிருந்து கோயில் வரை கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டருக்கு 666 வளைவுகளோடு கூரை போட்ட நடைபாதை போகிறது. ஜன்னல் இருக்கும் திசை எதுவானாலும் ஒளி ஊடுருவிப் பலகையின் மர ரேகை மங்கலாகத் தெரிந்தால் தல்யதெல்லேக்குப் போதும். மில்லிமீட்டரில் சொல்வதென்றால் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. தொர்த்தெல்லினிக்கு இன்னும் மெல்லிசு.

இப்போது விரிப்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். வழுக்காது. மிக நுண்ணிய ஒரு சொரசொரப்பு இருக்கும். மரப்பலகையும் மரக்கட்டையும் இரண்டு பக்கமும் விட்டுப்போன தடம் அது. வெந்த பிறகு குழம்பு இந்தத் தடத்தில்தான் பிடித்து நிற்கிறது. நல்ல தல்யதெல்லேயைத் தின்று முடித்த தட்டில் குழம்பு தேங்கியிருக்காது. கையால் தேய்ப்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை. வாயில் வித்தியாசம் தெரிகிறது, அதனால் செய்கிறேன்.

மெஷின் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வைத்துக்கொள்ளுங்கள். கையால் சுற்றும் மெஷின்கள் இத்தாலியில் 1930-களிலிருந்தே வீடுகளில் இருக்கின்றன. உருளைகளின் இடைவெளியை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டே மாவை உள்ளே விட்டால் சீரான பட்டை கிடைக்கும். அது தவறான பாஸ்தா இல்லை. ஆனால் எஃகு உருளை மாவை நசுக்கி மேற்பரப்பை மழமழவென்று ஆக்கிவிடுகிறது, பட்டையின் அகலமும் உருளையின் அகலத்தைத் தாண்டாது. மெஷினில் செய்பவர்கள் கடைசி எண்ணுக்கு ஒன்று முன்னாலேயே நிறுத்தி, பலகையில் போட்டு ஒரு தடவை கட்டையை ஓட்டிவிட்டால் சொரசொரப்பு கொஞ்சம் திரும்பி வரும். மூட்டுவலி இருப்பவர்களுக்கு மெஷின்தான் சரி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தேய்த்ததும் வெட்டிவிட முடியாது, காயவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. போ நதிச் சமவெளியில் இருக்கும் ஊர் இது. கோடையில் புழுக்கம், நவம்பரில் மூடுபனி, குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் காற்று. ஹீட்டர் ஓடும் நாளில் பத்து நிமிடத்தில் ஓரம் விறைத்துவிடும். புழுக்கமான நாளில் முக்கால் மணி நேரமானாலும் ஈரம் போகாது. விரிப்பை மடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், மடிப்பில் விரிசல் விட்டால் காலம் கடந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில், தொட்டால் மெல்லிய தோல் போலக் குளிர்ச்சியாக, ஒட்டாமல் மடங்கும் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் விரிப்பைத் தளர்வாகச் சுருட்டி, அகலமான கத்தியால் ஏழு மில்லிமீட்டர் சுமாருக்கு நறுக்கிக்கொண்டே போய், கையால் உதறிப் பிரித்து, கூடு மாதிரி சுற்றி வைத்துவிடலாம். வேகும்போது கொஞ்சம் உப்பி, அந்தத் தங்கத் துண்டின் அளவுக்கு வந்துவிடும்.

வேகவைப்பது சட்டென்று முடியும். நூறு கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பத்து கிராம் உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் இரண்டு மூன்று நிமிடம்தான். வடிப்பதற்கு முன் ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் மாவுச்சத்துதான் குழம்பைப் பாஸ்தாவோடு சேர்த்துப் பிடிக்கும். ரகூ இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்லிய தீயில் கிடக்க வேண்டும். மாட்டிறைச்சி, பான்செத்தா எனும் பன்றி வயிற்றுக் கொழுப்பிறைச்சி, வெங்காயம், கேரட், செலரி, ஒயின், கொஞ்சமாகத் தக்காளி என்பதுதான் அடிப்படை. தக்காளி சிவப்பில் மிதக்கும் எதையும் இங்கே ரகூ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் வெண்ணெயில் சேஜ் எனும் வாசனைச் செடியின் நாலு இலையைப் பொரித்து, பார்மிஜானோ சீஸ் தூவிப் புரட்டினாலே அருமையாக இருக்கும். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், பாஸ்தாவின் ருசி தனியாகத் தெரியும்.

தொர்த்தெல்லினி செய்வதாக இருந்தால் காயவிடக் கூடாது. தேய்த்த கையோடு மூன்று சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, பட்டாணி அளவு பூரணத்தை வைத்து, முக்கோணமாக மடித்து, சுண்டுவிரலைச் சுற்றி முனைகளை ஒட்ட வேண்டும். விரிப்பில் ஈரம் இருந்தால்தான் ஒட்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்வார்கள். தேய்ப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், மடிப்பவர்கள் நாலைந்து பேர். தனியாளாகச் செய்ய நினைக்காதீர்கள், விரிப்பு உங்களுக்காகக் காத்திருக்காது.

வெட்டி முடிந்ததும் ஓரங்களில் கோணல்மாணலாகத் துண்டுகள் மிஞ்சும். அவற்றை எறிவதில்லை. மல்தல்யாத்தி என்று சொல்லி, மொச்சை மாதிரியான பீன்ஸ் சூப்பில் போட்டுவிடுவார்கள். சிஞ்ஞோராவின் பேரப்பிள்ளைகளுக்குத் தல்யதெல்லேயைவிட இதுதான் பிடிக்கும். பலகையைக் கழுவவும் கூடாது. சுரண்டியால் ஒட்டியதை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். தண்ணீரில் ஊறினால் மரம் வளைந்துவிடும், வளைந்த பலகையில் சீராகத் தேய்க்க வராது.

இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்தவர்கள் பெண்கள். ஸ்ஃபோலீனா என்பது அவர்களுக்கான பெயர். சிஞ்ஞோரா தன் அம்மாவிடம் கற்றபோது உயரம் எட்டாமல் முக்காலி போட்டு நின்றிருக்கிறார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் விரிப்பைத் தேய்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அதை அவர் ஏக்கத்தோடு சொல்வதில்லை. “அப்ப அது வேலை, இப்பதான் எல்லாரும் கலைங்கறீங்க” என்றார். சம்பளமில்லாத அந்த வேலையின் மேல்தான் இந்த ஊரின் சாப்பாட்டுப் புகழ் நிற்கிறது என்பதை மறக்காமல் இருக்க விரும்புகிறேன். இன்று ஊர் நடுவில் இருக்கும் பாஸ்தாக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தேய்ப்பவர்கள் சம்பளம் வாங்கும் தொழிலாளிகள். அவர்களிடம் காசு கொடுத்து வாங்கும்போது ஒரு கைத்தொழிலுக்கு விலை கொடுக்கிறோம். வாரநாட்களில் நானும் அங்கேதான் வாங்குகிறேன்.

ஃப்ரெஷ் பாஸ்தா உசத்தி, பாக்கெட் பாஸ்தா மட்டம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இரண்டும் இரண்டு கோதுமை, இரண்டு நிலம். வடக்கே போ சமவெளியில் மென்கோதுமையும் முட்டையும் கிடைத்தன. தெற்கின் வெயிலுக்கு டியூரம் எனும் கடினக் கோதுமை விளைந்தது. அதன் புரதம் அழுத்தமானது, முட்டையே இல்லாமல் வெறும் தண்ணீரில் பிசைந்தாலும் கொதிநீரில் உருக்குலையாமல் நிற்கும். உலர்த்திய பாஸ்தாவை டியூரத்தில் மட்டுமே செய்ய வேண்டும் என்று 1967-ல் இத்தாலி சட்டமே போட்டது. ஸ்பகெட்டியைப் பூண்டும் எண்ணெயும் போட்டுச் சாப்பிட ஆசைப்பட்டால் நல்ல பாக்கெட்டை வாங்குங்கள். முட்டைப் பாஸ்தா அந்த வேலைக்கு ஆகாது.

தெற்கத்திப் பாஸ்தாவின் வயதும் சாதாரணமில்லை. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று இன்றும் பகிர்கிறார்கள். அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295-ல். அதற்கு நூறு வருடங்களுக்கும் மேல் முன்னால், 1154-ல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக நூல் எழுதிய அல்-இத்ரீசி என்ற புவியியலாளர், பலேர்மோ பக்கத்தில் திராபியா என்ற ஊரில் ‘இத்ரியா’ என்ற மாவுப் பண்டத்தை ஏராளமாகச் செய்து கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள் என்று பதிவு செய்துவிட்டார். நீண்ட பயணத்தில் கெடாத உலர்ந்த பாஸ்தா அது.

முட்டை சாப்பிடாதவர்கள் நம்மில் நிறையப் பேர். முட்டை இல்லாமல் பாஸ்தா செய்வதை ஒரு சமாளிப்பாக அவர்கள் நினைக்க வேண்டியதே இல்லை. தெற்கு இத்தாலியின் புல்யா மாநிலத்தில் எத்தனையோ தலைமுறையாக முட்டை இல்லாமல்தான் செய்கிறார்கள். பாரி நகரத்தின் பழைய பகுதியில் ஆர்க்கோ பாஸ்ஸோ என்ற தெருவில் பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ஒரெக்கியெத்தே எனும் குட்டிக் குழிப் பாஸ்தாவைச் செய்து, வலைத்தட்டில் காயவைத்து விற்பார்கள். நான் போனபோது ஒரு அம்மா பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே செய்துகொண்டிருந்தார்.

இதற்கு இருமுறை அரைத்த டியூரம் செமோலா வேண்டும். ரவையைவிட நன்றாக நைஸாக, விரலில் தேய்த்தால் லேசாகக் கொரகொரப்பது. உப்புமா ரவை ஆகாது, உதிர்ந்து போகும். பாக்கெட்டில் டியூரம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நூறு கிராமுக்கு ஐம்பது மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். முட்டை மாவைவிட இது இன்னும் அடம் பிடிக்கும், பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பிசைய வேண்டும். அரை மணி நேர ஓய்வு இதற்கும் உண்டு. பிறகு சுண்டுவிரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய சாப்பாட்டுக் கத்தியால் ஒரு துண்டை அழுத்தி உங்களை நோக்கி இழுத்தால் அது கத்தியின் மேல் சுருண்டு வரும். அதைக் கட்டைவிரல் நுனியில் போட்டு உள்பக்கத்தை வெளியே புரட்டினால் குட்டிக் குழிக்கிண்ணம் தயார். கத்தி இழுத்த தடம் வெளிப்பக்கத்தில் சொரசொரப்பாக நிற்கும். இதற்குப் பெரிய பலகையோ நீளக் கட்டையோ தேவையில்லை. தேய்ப்பது வராது என்று பயப்படுகிறவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

பாரியில் இதற்குத் துணை சீமே தி ராப்பா, டர்னிப் இனத்துக் கீரையின் இளங்குருத்தும் மொட்டும். கீரையை உப்புப் போட்ட கொதிநீரில் போட்டு, கொஞ்சம் வெந்ததும் அதே பானையில் ஒரெக்கியெத்தேயையும் போட்டுவிடுவார்கள். பாஸ்தா ஐந்தாறு நிமிடத்தில் வெந்து மேலே வரும், கீரை அதற்குள் குழைந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே வடித்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டும் மிளகாயும் காய்ந்த வாணலியில் கொட்டிப் புரட்ட வேண்டும். நெத்திலி சேர்ப்பார்கள், சைவர்கள் அதை விட்டுவிடலாம். இந்தக் கீரை கிடைக்காத இடங்களில் கடுகுக்கீரை போடுங்கள். அதே குடும்பம்தான், அந்த லேசான கசப்பும் காரமும் அதில் இருக்கிறது.